சங்கு விலை

ஊரைப் பயமுறுத்துவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். ஆனால் இத்தனை வருஷ சர்வீஸில் அவருக்குப் பயந்தவை காக்காய்கள் மட்டும். அவையும் எழுந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு, 'அட, நம்ம ஆளு' என்பதுபோல அதே இரும்புக் கோபுரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அவர் வேலை சங்கு ஊதுவது. வாயால் அல்ல, பட்டனால். ஆற்றங்கரையில், படிக்கட்டுக்கு மேலே, இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற ஓர் அறை. உள்ளே ஒரு டெலிபோன், ஒரு ஸ்டூல், ஸ்டூலின் நொண்டிக் காலுக்கு முட்டுக்கொடுத்த ஒரு செங்கல், சுவரில் ஒரு சிவப்புப் பட்டன். கூரைக்கு மேலே கோபுரம், அதன் தலையில் சங்கு. பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஊதும். கையை எடுத்தால் நின்றுவிடும். மேலே மலையடிவாரத்தில் அணை இருக்கிறது. அங்கே கதவைத் திறப்பதற்கு முன்னால் போன் வரும், இவர் ஊத வேண்டும், ஆற்றுக்குள் நிற்பவர்கள் கரையேற வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டோடு நின்றுபோக, ஊர் அவரைச் சங்கு என்றே கூப்பிட்டது.

பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் அப்பா கேட்டார், "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?"

"சங்கு ஊதுறாருங்க."

"யாருக்கு?"

கதவுக்குப் பின்னாலிருந்து 'களுக்'கென்று ஒரு சிரிப்பு வந்தது. சிரித்தவளையே அவர் கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வீட்டில் ஜோக் அடிக்கும் பொறுப்பு முழுக்க அவளுடையது. சிரிக்கும் பொறுப்பு இவருடையது, அதுவும் கொஞ்சம் தாமதமாக.

அந்தக் காலத்தில் ஆற்றில் தண்ணீர் இருந்தது. மழைக்கும் ஒரு நாகரிகம் இருந்தது. சொல்லிவிட்டு வரும், வந்தால் மாதக்கணக்கில் தங்கும், நிதானமாகப் பெய்யும். போகும்போது ஆற்றில் கொஞ்சம், கிணற்றில் கொஞ்சம், மண்ணுக்கு அடியில் கொஞ்சம் என்று வைத்துவிட்டுப் போகும். அப்புறம் அதற்குப் புத்தி பேதலித்தது. வரவேண்டிய மாதத்தில் தலையைக் காட்டாது. யாரும் கூப்பிடாத மாதத்தில் வந்து, எங்கோ ஓர் இடத்தில் பாதி வருஷத்து மழையை ஒரே ராத்திரியில் கொட்டும். மண் வாயைத் திறந்து குடிப்பதற்குள் அது கடலுக்கு ஓடிப்போயிருக்கும். கடல் சூடாகிவிட்டது, காற்று முன்பைவிட அதிக ஈரத்தைச் சுமக்கிறது, எங்கே முடியவில்லையோ அங்கே மொத்தமாகப் போட்டுவிடுகிறது என்று படித்தவர்கள் படம் போட்டு விளக்கினார்கள். சந்தையில் மூட்டை தூக்குகிறவனுக்குப் படம் எதற்கு? அளவுக்கு மேல் ஏற்றினால் சுமை எங்கே விழும் என்று அவனுக்குத் தெரியாதா?

வேறெங்கோ இப்படிக் கொட்ட, இந்த ஊருக்கும் மலைக்கும் வருஷா வருஷம் வானம் கையை விரித்தது. அணை அடியில் சேறு தெரிந்தது. டெலிபோன் வாயை மூடிக்கொண்டது. ஆறு மணலாகி, மணல் மைதானமாகி, மைதானம் ஊராகிவிட்டது. ஒரு பக்கம் கிரிக்கெட். ஒரு பக்கம் கார் ஓட்டப் பழகுகிறவர்கள், இடிப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்திலும் எதையாவது தேடிப்பிடித்து இடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், சனிக்கிழமை சனிக்கிழமை சந்தை.

சந்தையில் அவர் மனைவிக்கு ஒரு காய்கறிக் கடை இருந்தது. கடை என்றால் ஒரு தார்ப்பாய், நாலு கூடை, மணலில் நட்டுவைத்த ஒரு பெரிய நீலக் குடை. பக்கத்தில் அவள் தம்பியின் சட்டைக் கடை. தம்பிக்கு வியாபாரத்தைவிட மைக்மேல்தான் காதல். ஒரு பெட்டி ஸ்பீக்கரைக் கட்டிவைத்துக்கொண்டு, "சாயம் போகாது, போனா நானே வரேன்!" என்று காலையிலிருந்து கத்திக்கொண்டிருப்பான்.

"எங்கடா வருவ?" என்பாள் அக்கா.

"சாயத்தைத் தேடிக்கிட்டுக்கா."

அணை திறந்தாலும் திறக்காவிட்டாலும் சங்கு வேலை செய்கிறதா என்று வாரம் ஒரு தடவை ஊதிப் பார்க்க வேண்டும். இது சட்டம். அதற்கு யாரோ குறித்துக் கொடுத்திருந்த நேரம் சனிக்கிழமை மத்தியானம். சோதனைக்கு ஒரே ஊதல், தண்ணீர் வந்தால் விட்டுவிட்டு மூன்று நீள ஊதல் என்று கணக்கு உண்டு. மூன்றைக் கேட்டவர்கள் மறந்துவிட்டார்கள், பின்னால் பிறந்தவர்கள் கேட்டதே இல்லை.

ஒரு வெயில் நாளில் தக்காளி வதங்கி, அவள் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தபோது மேலே புருஷன் ஊதினார். அவள் சட்டென்று எழுந்தாள். "இந்தா, ஊதியாச்சு! தக்காளிக்குச் சங்கு! இனிமே பாதி விலை!" என்று ஒரு கத்துக் கத்தினாள். ஜனம் சிரித்தது, சிரித்த ஜனம் வாங்கியது, கூடை காலி. அடுத்த வாரம் தம்பி கத்தினான். அதற்கடுத்த வாரம் சந்தையே கத்தியது. கொஞ்ச நாளில் அதற்குச் 'சங்கு விலை' என்று பெயரே வந்துவிட்டது. விவரமானவர்கள் காலையில் வருவதில்லை. பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கரையில் நிழலாகப் பார்த்து நிற்பார்கள். சங்கு ஊதியதும் படிக்கட்டில் தடதடவென்று ஆற்றுக்குள் இறங்குவார்கள்.

கரையேறச் சொல்லி ஊதுகிற சங்கு. அதைக் கேட்டு ஊரே ஆற்றுக்குள் ஓடியது. யாருக்கும் அது விசித்திரமாகத் தோன்றவில்லை. ஆற்றில்தான் ஆறே இல்லையே!

அவருக்கு மட்டும் உள்ளூரப் பெருமை. ஜன்னலிலிருந்து பார்த்தால் அவள் குடை தெரியும். குடை நேராக நின்றால் காய் தாக்குப்பிடிக்கிறது, பொறு என்று பொருள். காய் வாட ஆரம்பித்தால் அவள் குடையை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுவாள். உடனே இவர் பட்டனை அழுத்துவார். சட்டத்தில் மத்தியானம் என்றுதான் இருக்கிறதே தவிர, யாருடைய மத்தியானம் என்று இல்லை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் தெரிந்த திருட்டு அது ஒன்றுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "ஏங்க, இன்னிக்கு ரொம்ப நேரம் தூங்கிட்டீங்களா? குடைய சாய்ச்சு சாய்ச்சு எனக்குக் கழுத்தே சாஞ்சிடுச்சு" என்பாள்.

"வெண்டைக்கா நல்லாத்தானேம்மா இருந்தது."

"அங்கேருந்து வெண்டைக்காய பாத்தாராம்! கண்ணா அது, பைனாகுலரா?"

அவர் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

அந்த வாரம் வியாழக்கிழமை டெலிபோன் அடித்தது. அடித்தது டெலிபோன்தானா என்று புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அணையிலிருந்து ஆபரேட்டர். இவருக்கு இளையவன், குரலில் மட்டும் பழக்கம்.

"அண்ணே! மலையில ஊத்துது அண்ணே! தண்ணி ஏறுது!"

"நெசமாவா?"

"இந்தா கேளுங்க." ஆபரேட்டர் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும். இரைச்சல் கேட்டது. இவர் கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரி கேட்பதுபோல அதைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மறுபடி போன். "பாதிக்கு மேல வந்துடுச்சு அண்ணே. மழை விடவே இல்ல."

"கொஞ்சம் கொஞ்சமா தொறந்து விடலாமே தம்பி?"

"நானும் அதைத்தான் கேட்டேன். எத்தனை வருஷம் கழிச்சு வந்த தண்ணி, ஒரு சொட்டு விடக்கூடாதுன்னு மேல சொல்லிட்டாங்க. குடிக்கத் தண்ணி இல்லாம லாரி லாரியா அலையுறோம்ல?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. பசித்துக் கிடந்தவன் இலையில் விழுந்ததைத் திருப்பிக் கொடுப்பானா? இவரும் அன்று ராத்திரி மனைவியிடம் சொன்னார்: "நெறையுதாம்."

"நெறையட்டும். ஆத்துல தண்ணி விட்டா சந்தை எங்க போடறதாம்?"

"ரோட்டுல போடு."

"ரோட்டுல குடை நட முடியுமா? அப்புறம் உங்களுக்கு யாரு சிக்னல் குடுப்பா?"

சனிக்கிழமை ஊரில் பளிச்சென்று வெயில். மேகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. சந்தை கூடியிருந்தது. கரையில் பைகள் காத்திருந்தன. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நீலக் குடை நேராக நின்றது.

போன் அடித்தது.

"அண்ணே, சங்கு ஊதுங்க." ஆபரேட்டரின் குரலில் வியாழக்கிழமை இருந்த துள்ளல் இல்லை.

"எப்ப தொறக்கறீங்க?"

"தொறந்தாச்சு அண்ணே."

"டேய், ஊதறதுக்கு முன்னாடியா?"

"அணைக்கட்டுமேல வழிய ஆரம்பிச்சிடுச்சு. எல்லாக் கதவும் தூக்கியாச்சு. கட்டு நிக்கணுமே அண்ணே... ஊதுங்க அண்ணே!"

அவர் அழுத்தினார். கோபுரம் அதிர்ந்தது, காக்காய்கள் எழுந்தன. முதல் ஊதல் முடிய ஜன்னலைப் பார்த்தார். கரையில் நின்ற கூட்டம் பைகளை உதறிக்கொண்டு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே மச்சான் மைக்கைப் பிடித்துவிட்டான்: "சங்கு விலை! சங்கு விலை! மாமாவுக்கு இன்னிக்கு என்ன அவசரமோ, முன்னாடியே ஊதிட்டாரு! ஓடி வாங்க, ஓடி வாங்க!"

இரண்டாவது ஊதலை இன்னும் அழுத்தி, இன்னும் நீளமாக ஊதினார். ஊத ஊத ஜனம் இறங்கியது. சங்கு நீளமானால் விலை இன்னும் குறையும் என்று நினைத்தார்களோ என்னவோ, மேலே தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள்கூட சைக்கிளைப் போட்டுவிட்டு இறங்கினார்கள். பட்டன்மேல் இருந்த தன் கையை அவர் பார்த்தார். ஊதினால் இன்னும் இறங்குவார்கள். ஊதாவிட்டால், ஆற்றின் கீழ்ப்பக்கம் மாடு மேய்க்கிறவன் யாரோ, அவனுக்குத் தெரியாது. மூன்றாவது ஊதல் பாக்கி இருந்தது.

அப்போது நீலக் குடைக்கு அடியிலிருந்து அவள் வெளியே வந்தாள். கையை நெற்றிக்குக் கொடுத்து நேராக ஜன்னலைப் பார்த்தாள். குடையை அவள் சாய்க்கவில்லை. சாய்க்காமல் அவர் ஊத மாட்டார். அந்தச் சந்தையில் அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவர் பட்டனை விட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். அவளுக்கு அது போதும்.

ஒரே இழுப்பில் தம்பியிடமிருந்து மைக்கைப் பிடுங்கினாள். "மேல ஏறுங்க! தண்ணி வருது! எல்லாரும் மேல ஏறுங்க!"

சந்தை சிரித்தது. "தண்ணியா? ஆத்துலயா?" என்றது ஒரு குரல். "நல்லா இருக்கே கதை! தக்காளிய பாதி விலைக்குத் தர மனசில்லைன்னா நேரா சொல்லேன்க்கா!" என்றாள் ஒருத்தி. கேட்டவர்கள் இன்னும் சிரித்தார்கள். வானம் அப்படி வெளுத்துக் கிடந்தது. யார்தான் நம்புவார்கள்?

அவள் ஒரு நொடி நின்றாள். ஜோக் அடித்துப் பழகிய மூளை அது. அடுத்த நொடி ஸ்பீக்கர் கிழியக் கத்தினாள்: "மேல இலவசம்! படிக்கட்டுக்கு மேல எல்லாம் இலவசமா குடுக்கறாங்க! மூட்டை மூட்டையா வந்திருக்கு! முந்தினவங்களுக்குத்தான்! ஓடுங்க, ஓடுங்க!"

தண்ணீருக்கு அசையாத ஊர் இலவசத்துக்கு அசைந்தது. கத்தரிக்காயைப் போட்டுவிட்டு ஓடினார்கள். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். கால் வலி என்று வாரா வாரம் புலம்புகிற கிழவர்கூட மருமகளை முந்தினார். கடைக்காரர்களும் ஓடினார்கள், இலவசம் என்றால் வியாபாரி மட்டும் என்ன, துறவியா?

அவர் அறையை விட்டு இறங்கி ஓடினார். படிக்கட்டில் ஊரே எதிரே ஏறி வந்தது. அவர் ஒரு படி இறங்கினால் கூட்டம் இரண்டு படி மேலே தள்ளியது. "எங்கய்யா குடுக்கறாங்க?" என்று ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான். "யோவ், எல்லாரும் மேல போறோம், நீ என்ன குறுக்க?" என்று இன்னொருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். மச்சானும் அந்தக் கூட்டத்தில் வந்தான். "மாமா, அக்கா போகச் சொன்னா, சட்டையெல்லாம் அப்படியே போட்டுட்டு வந்தேன், என்ன மாமா?" என்றான் மூச்சிரைக்க. தலைகளுக்கு மேலாக நீலம் தெரிகிறதா என்று எக்கி எக்கிப் பார்த்தார்.

ஸ்பீக்கர் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "அந்தப் பக்கம் கார்ல இருக்கறவங்க! உங்களுக்கும் உண்டு! எறங்கி ஓடுங்க! பந்து பொறுக்கற பசங்களா, மட்டையைப் போட்டுட்டு ஏறுங்கடா! இலவசம்!" மைக்கின் ஒயர் நீளம் அவ்வளவுதான், அதைப் பிடித்துக்கொண்டு அவள் படிக்கட்டுப் பக்கம் வர முடியாது. மைக்கை விட்டால் அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கேட்காது.

முதலில் சத்தம் வந்தது. வியாழக்கிழமை போனில் கேட்ட அதே சத்தம். அப்புறம் வளைவில் அது வந்தது. தண்ணீர் நிறத்தில் இல்லை. மரமும் மண்ணும் தகரமுமாக, ஒரு தெருவே எழுந்து நடந்து வருவதுபோல வந்தது. மேலே இலவசத்தைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏறுங்க" என்று ஸ்பீக்கர் ஆரம்பித்தது. முடிக்கவில்லை.

*

விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நல்ல மனிதர்தான், மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி போடச் சொன்னார்.

"மூணு ஊதல் ஊதணும்னு விதி. நீங்க ரெண்டுதான் ஊதியிருக்கீங்க. ஏன் நிறுத்துனீங்க?"

"ஊத ஊத உள்ள எறங்குனாங்க சார்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு அவரையே பார்த்தார். "அப்புறம் எப்படி அத்தனை பேரும் மேல வந்தாங்க?"

"என் வீட்டுக்காரி பொய் சொன்னா சார்."

குடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அது அவர்கள் இரண்டு பேர் விஷயம்.

அவள் கிடைக்கவில்லை. அவரும் மச்சானும் கடல்வரை இரண்டு கரையிலும் தேடினார்கள். தண்ணீர் என்னவோ வந்த வேகத்தில் போய்விட்டது. நாலைந்து நாளில் மறுபடி மணல். கிணறுகளில் ஒரு முழம்கூட ஏறவில்லை. அவளுக்காக அழ வந்த சனத்துக்குக் குடிக்கக் கொடுக்கத் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட வேண்டியிருந்தது. லாரிக்காரன் குடத்தை நிரப்பிவிட்டு, வாங்கியது யார் என்று தெரிந்ததும் குழாயை மூட மறந்து நின்றான். தண்ணீர் தெருவில் ஓடியது. "மூடுப்பா, வீணாப்போகுது" என்றார் அவர்.

குடை மட்டும் கிடைத்தது. ரொம்பத் தூரம் தள்ளி, ஒரு முட்புதரில். கம்பு வளைந்திருந்தது, துணி பாதி கிழிந்திருந்தது. அதை மச்சான் எடுத்துப்போய் வைத்துக்கொண்டான்.

சந்தை ரோட்டுக்குப் போய்விட்டது. அங்கே யாரும் பாதி விலை என்று கத்துவதில்லை. காய் வாடினால் வாடியபடியே வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள். ஒரு மாதம் கழித்து அவரை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார்கள். வேறு யாரும் அந்த வேலைக்கு வர ஒப்பவில்லை என்பதுதான் நிஜம். சனிக்கிழமை சோதனையும் உண்டு, சட்டம் மாறவில்லை.

முதல் சனிக்கிழமை அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். வெறும் மணல். மத்தியானம் வந்தது. கை பட்டனுக்குப் போனது, அழுத்தவில்லை. குடை சாயாமல் அழுத்தி அந்தக் கைக்குப் பழக்கமில்லை. குடையைப் பார்த்துப் பழகிய பிறகு ஒரே ஒரு தடவைதான் அப்படி அழுத்தியிருக்கிறது. மத்தியானம் தாண்டியும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கீழே யாரோ மணலில் நடந்து வந்தார்கள். மச்சான். கக்கத்தில் குடை. அக்காவின் கடை இருந்த இடம் இதுதான் என்று காலால் குத்துமதிப்பாகப் பார்த்து, குடையை விரித்து நட்டான். கம்பு வளைந்திருந்ததால் அது நேராக நிற்கவில்லை. நிமிர்த்தினான், சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினான், மறுபடி அதே பக்கம் சாய்ந்தது. குடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் என்ன நடந்துவந்தது என்று அவனுக்குத் தெரியாது. சரி, கிட என்று விட்டுவிட்டு நின்றான்.

அவர் அழுத்தினார்.

காக்காய்கள் எழுந்தன. கரையில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள், ஆற்றை விட்டுச் சில அடி பின்னால் போனார்கள். ஒரு தாய் பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்தாள். இத்தனை வருஷ சர்வீஸில் முதல் தடவையாக ஊர் சங்குக்குப் பயந்தது. மச்சான் மட்டும் குடைப்பக்கத்தில் அசையாமல் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "மேல வாடா!"

"டெஸ்ட்டுதானே மாமா?"

"டெஸ்ட்டா இருந்தாலும் வா."

"கொஞ்ச நேரம் அக்காகூட நிக்கறேன் மாமா."

அந்த வீட்டில் ஜோக் அடிக்கிற பொறுப்பு அவருடையது இல்லை, எப்படிச் சொல்வதென்றும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் கத்தினார்:

"மேல இலவசம்டா! வாடா!"

கீழே அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். சிரித்தானா அழுதானா என்று அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. தோள் குலுங்கியது. அப்புறம் மெதுவாகப் படிக்கட்டுப் பக்கம் நடந்து வந்தான். அவன் கடைசிப் படி ஏறும்வரை அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை.